சும்மா இருந்தனான் என்று சொல்லாதே

தம்பி,

உன் கடிதம் நேற்று மத்தியானம் சங்கக் கடைக்குச் சாமான் ஏற்றி வந்த லொறிக்காரர் கையில் வந்து சேர்ந்தது. உறையை வழியில் எத்தனை பேர் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டினார்களோ, பசை காயாமல் என் விரலிலும் ஒட்டியது. இந்தக் கடிதத்தையும் பிரிப்பார்கள். சோதனைக் கடவைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பிரிக்கிற ஐயாமாருக்கு முதலில் வணக்கம். இது ஒரு தகப்பன் தன் மகனுக்கு இன்ரவியூவில் எப்படிக் கதைக்க வேண்டும் என்று எழுதுகிற கடிதம். உங்கள் வீட்டிலும் வேலை தேடுகிற பிள்ளைகள் இருந்தால் ஆறுதலாக இருந்து வாசித்துவிட்டே அனுப்புங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கசக்காமல் மடித்து வைத்தால் போதும்.

நீ எழுதியிருந்ததை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அறைக்குள் போனாயாம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்களாம். அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே நீ சேட் பையிலிருந்து அடையாள அட்டையையும் வவுனியாவில் தங்கத் தந்த பாஸையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, ஆமியின் காவலரணில் நிற்கிற மாதிரி இரண்டு கையும் தெரியும்படி தொங்கவிட்டுக்கொண்டு நின்றாயாம். நடுவில் இருந்த அதிகாரி அம்மா சிரித்துவிட்டு, "தம்பி, இது சென்றி இல்லை. கதிரையில இரும்" என்றாவாம். நீயும் சிரித்துச் சமாளித்ததாக எழுதியிருக்கிறாய். வாசித்த எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கீழே எழுதியிருந்தாயே, "அதுக்குப் பிறகு கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் பதில் சொன்னனான் அப்பா, ஏன் எடுக்கேல்லை எண்டு விளங்கேல்லை" என்று, அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் "வன்னியில இவ்வளவு காலமும் என்ன செய்தனீர்?" என்று கேட்டார்கள். நீ "சும்மா இருந்தனான்" என்று சொன்னாய். உனக்கு விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கிவிட்டது, ராசா.

அடுத்த கிழமை இன்னோர் இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும், நிவாரணப் பொருட்கள் வைக்கிற களஞ்சியத்துக்குப் பொறுப்பாள் எடுக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். இதுவும் தவறினால் பாஸை இனிப் புதுப்பித்துத் தரமாட்டார்கள், நீ திரும்பி இங்கே வன்னிக்குள் வரவேண்டியதுதான். அந்த ஒரு வரியை நீ சும்மா போகிற போக்கில் எழுதியிருந்தாய். எனக்கு அதை வாசித்த நேரம் தொடக்கம் சோறு இறங்கவில்லை. சண்டைக்கு ஆள் சேர்க்கிற காலத்தில் உன் வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இங்கே தாய் தகப்பன் படுகிற பாட்டை நான் உனக்கு விளக்கத் தேவையில்லை. நீ அங்கே இருப்பதற்கு ஒரு வேலை வேண்டும். சம்பளம் எவ்வளவானாலும் பரவாயில்லை. இதுதான் என் ஒரே எண்ணம்.

உன் அம்மாவின் எண்ணம் வேறு. உன் கடிதத்தை நான் சத்தமாக வாசித்தபோது அவா குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. "எடுக்கேல்லையாம்" என்று வாசித்தேன். வெட்டுகிற சத்தம் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! "மாதா என்ரை மன்றாட்டைக் கேட்டிட்டா" என்று நெற்றியில் சிலுவை போட்டா. மீன் செதில் நெற்றியில் ஒட்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோ? பெடியன் வேலை கிடைக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறான், நீ நன்றி சொல்லுறாய்!" என்று கத்தினேன். "கத்தாதையுங்கோ. உங்களுக்கென்ன, நீங்கள் கடைக்குப் போயிடுவியள். நான்தான் அவன்ரை பாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன். வந்தால் வரட்டும், என்ரை பிள்ளை என்ரை கண்ணுக்கு முன்னால இருக்கட்டும்" என்றா. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியும், உன்னை எங்கே வைத்திருப்பது என்பதில் நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

சரி, "சும்மா இருந்தனான்" கதைக்கு வருகிறேன். நீ சிறுவனாக இருந்தபோது வாய் ஓயாத பிள்ளை. கரையில் வலை இழுக்கிறவர்கள் உன்னைக் கண்டால், "மனேச்சரின்ரை ரேடியோ வருது" என்று பகிடி பண்ணுவார்கள். உனக்குப் பதின்மூன்று வயதிருக்கும், அம்மாவின் தொய்வு இழுப்புக்கு மருந்தெடுக்க மூன்று பேருமாக வவுனியாவுக்குப் போனோமே, அந்தப் பயணத்தை நீ மறந்திருக்கமாட்டாய். கடவையில் வெயிலுக்குள் வரிசை. ஒரு இளம் ஆமிக்காரப் பெடியன், நல்ல முகம், உனக்கு ஒரு ரொபி தந்தான். அரைகுறைத் தமிழில் "அப்பா என்ன வேலை?" என்று கேட்டான். நீ ரொபியைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, "சங்க மனேச்சர். எங்கட வீட்டை எந்த நேரமும் ஆக்கள்தான். அப்பா எல்லாருக்கும் மண்ணெண்ணெய் குடுக்கிறவர்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். மீன்பிடிச் சங்கத்து மனேச்சர் வள்ளக்காரருக்கு இயந்திரத்துக்கு எண்ணெய் பங்கிடுகிறவன், அது உனக்குப் பெருமை. எங்கள் பக்கத்துக்கு மண்ணெண்ணெய் ஒரு போத்தல் கொண்டு வரவே ஆமி தடை போட்டிருந்த காலம் அது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நல்ல முகம் மாறிவிட்டது. என்னைத் தகரக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். பொழுது சாயத்தான் விட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லப்போவதில்லை, இதைப் பிரித்துப் படிக்கிறவருக்கும் அது தேவையில்லை. வெளியே வந்து பார்த்தால் அம்மா மூச்சிழுத்துக்கொண்டு மரத்தடியில் சாய்ந்திருக்கிறா, நீ அவவின் முதுகைத் தடவிக்கொண்டு அழுகிறாய்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் பாடம் தொடங்கியது. அம்மா முற்றம் கூட்டுகிற தும்புத்தடியைத் துவக்கு மாதிரிப் பிடித்துக்கொண்டு படலையில் நிற்பா. நீ சைக்கிளை உருட்டிக்கொண்டு வரவேண்டும். "பேர்?" "ஊர்?" "எங்க போறாய்?" நான் பக்கத்தில் நின்று திருத்துவேன். "முகத்தைப் பாக்காதை, அவன்ரை சப்பாத்தைப் பார். கேட்டதுக்கு மட்டும் சொல்லு. ஒரு சொல்லில சொல்லு. ஆரையும் தெரியுமோ எண்டால் தெரியாது. என்ன செய்யிறாய் எண்டால் சும்மா இருக்கிறன். சும்மா இருக்கிறவனைப் பற்றி ஒருத்தனும் எழுதி வைக்கமாட்டான்." முதல் நாள் நீ அம்மாவைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் குழப்பினாய். அம்மாவும் சிரித்தா. நான் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் நீ தேர்ந்துவிட்டாய். இந்தப் பக்கத்துக்காரர் கேட்டாலும் அதே பதில், அந்தப் பக்கத்துக்காரர் கேட்டாலும் அதே பதில். எங்கள் வீட்டு ரேடியோவை நானே நிறுத்தினேன். அதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? வாயால் கெட்ட பிள்ளைகளின் பெயரை நான் இங்கே எழுதத் தொடங்கினால் தாள் காணாது. நீ உயிரோடு இருந்து எனக்குக் கடிதம் எழுதுகிறாய். அந்தப் பாடம் சரியான பாடம்.

ஆனால் இன்ரவியூ வேறு சாதி. சென்றியில் நிற்கிறவன் உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாமல் உன்னைக் கடந்துபோக விட்டால் அது உனக்கு வெற்றி. மேசைக்குப் பின்னால் இருக்கிறவன் உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாமல் உன்னை வெளியே அனுப்பினால் அது தோல்வி. நான் இதைச் சும்மா ஊகித்து எழுதவில்லை. போன மாதம் நானே மேசைக்குப் பின்னால் இருந்தேன். எங்கள் சங்கக் கடைக்குக் கணக்கு எழுத ஒரு இலிகிதர் வேண்டும் என்று ஆள் எடுத்தோம். சங்கத் தலைவரும் நானும் இருந்தோம். தலைவரை உனக்குத் தெரியும்தானே, கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் தானே சொல்லிவிடுகிற மனிசன். வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் உன்னைப் போலத்தான். கதிரையின் நுனியில் இருக்கிறார்கள், எங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லுகிறார்கள். படித்த பிள்ளைகள், கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் ஒரு பிள்ளையாவது தன்னைப் பற்றி ஒரு முழு வசனம் சொல்லவில்லை. எல்லா வீட்டுப் படலையிலும் ஒரு தும்புத்தடி நின்றிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பூநகரிப் பக்கம் ஜெயபுரத்திலிருந்து ஒரு பெடியன் வந்தான். பஸ் இல்லாமல் முதல்நாளே வெளிக்கிட்டுச் சைக்கிளில் வந்திருக்கிறான், காற்சட்டை முழுக்கச் செம்பாட்டுப் புழுதி. தலைவர் கேட்டார், "படிப்பை விட்டாப் பிறகு என்ன செய்தனீர்?" அவன் சொன்னான், "சும்மா இருந்தனான் ஐயா." தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சும்மா இருந்தவருக்கு இஞ்சை என்ன வேலை?" என்று பேனையை மூடினார். எனக்கு மனம் கேட்கவில்லை. "தம்பி, சும்மா இருந்தாலும் சாப்பிட்டிருப்பீர்தானே. ஆர் சமைச்சது?" என்று கேட்டேன். அவன் யோசித்து, "நான்தான்" என்றான். "அம்மா இல்லையோ?" "இல்லை ஐயா. தங்கச்சியவையும் நானும்தான்." "அரிசி எங்கால?" "எங்கட வயல்." "ஆர் விதைச்சது?" "நான்தான்." "தண்ணி?" "குளத்திலயிருந்து வாய்க்கால் தூர்ந்து போச்சு, நானும் பக்கத்து வயல்காரரும் வெட்டினனாங்கள். முறை வைச்சுத் தண்ணி விட்டனாங்கள். முறைக் கணக்கு நான்தான் பார்த்தது, ஒரு சண்டையும் வரேல்லை." தலைவர் மூடிய பேனையை மறுபடி திறந்தார். அந்தப் பெடியன் இப்போது எங்கள் கடையில்தான் இருக்கிறான். ஆனால் கவனி தம்பி, உன்னை இன்ரவியூ எடுக்கிறவர் ஆர் சமைச்சது என்று கேட்கமாட்டார். அவருக்கு வெளியே இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள். அவர் பேனையை மூடினால் மூடினதுதான்.

நீ வன்னியில் சும்மாவா இருந்தாய்? கரையை விட்டு ஓடிவந்து பள்ளிக்கூட மைதானத்தில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தோமே, அங்கே நிவாரண மா மூட்டை ஏற்றின லொறி வந்த நாளை நினைத்துப் பார். எல்லாருக்கும் என்று சொல்லிப் பாதிதான் வந்தது. சனம் பசியில் நெருக்குகிறது. பங்கிட வந்த அலுவலர் பின்பக்கத்தால் மெல்ல நழுவிவிட்டார். நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். நீ மூட்டைக்கு மேலே ஏறினாய். "அண்ணைமார், அக்காமார், கொஞ்சம் பொறுங்கோ! இதைச் சரிசமனாய்ப் பிரிச்சால் ஒருத்தருக்கும் காணாது. கைப்பிள்ளையள் இருக்கிற வீடு முதல். மற்றவைக்கு அடுத்த லொறியில. அடுத்த லொறியில குறைஞ்சால் என்ரை கழுத்தைப் பிடியுங்கோ!" கூட்டத்திலிருந்து ஒருவர், "அதைச் சொல்ல நீ ஆரடா?" என்று கத்தினார். நீ, "மனேச்சரின்ரை மோன். எங்கட வீட்டுக்கு இண்டைக்கு மா இல்லை. நம்பாட்டி அம்மாவைப் போய்க் கேளுங்கோ" என்றாய். சனம் அடங்கிவிட்டது. அம்மாதான் அடங்கவில்லை, ஒரு கிழமை உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினா. அதற்குப் பிறகு நீ வவுனியாவுக்குப் போகும்வரை அங்கே போட்ட நிவாரணக் கொட்டிலில் மா, சீனி, பருப்பு எல்லாம் உன் பொறுப்பில்தான் இருந்தது. மழை ஒழுக்குக்கு மூட்டையை மாற்றி அடுக்கினாய், எலிக்குக் காவல் இருந்தாய், ஒரு தாய் குறைந்துவிட்டது என்று அழுதால் அவவுக்கு முன்னாலேயே திரும்ப நிறுத்துக் காட்டினாய். இப்போது அவர்கள் எடுக்கப்போவது என்ன வேலைக்கு? களஞ்சியத்துக்குப் பொறுப்பாள்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாயே, மடையா.

ஆகையால் என்ன செய்தனீர் என்று கேட்டால் இந்த மாக் கதையைச் சொல்லு. எனக்குச் சொல்லுவது மாதிரிச் சொல்லு, முதலில் என்ன கரைச்சல் வந்தது, நீ என்ன செய்தாய், பிறகு என்ன நடந்தது என்று. "நாங்கள் செய்தனாங்கள்" என்று ஒளியாதே, "நான் செய்தனான்" என்று சொல்லு. அது தற்பெருமை இல்லை. முடிந்ததும் வாயை மூடு. நான் உன் வயதில் அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் மீன்பிடிப் பகுதி வேலைக்கு இன்ரவியூவுக்குப் போனவன். இந்த வேலையில் ஏன் விருப்பம் என்று கேட்டார்கள். நான் அவர்களுடைய கந்தோர் எங்கெங்கே பிழை விடுகிறது என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார், நான் நிறுத்தவில்லை. வெளியே வந்து என் தகப்பன் அப்புவுக்கு நடந்ததைச் சொன்னேன். "வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வாறாய்" என்றார். அவர் சொன்னது சரிதான், வேலை வேறு ஆளுக்குப் போனது. கேட்ட கேள்விக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாம், அதில் குற்றமில்லை.

இங்கேதான் எனக்குப் பயமும் தொடங்குகிறது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். வன்னியில் நிவாரணக் கொட்டிலைப் பார்த்தவன் என்று நீ வாய் திறந்தால், அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆர் வந்தவை, ஆருக்குக் குடுத்தனீர், ஆர் கேட்டவை. கேட்கிறவர் நல்ல மனிசராக இருக்கலாம், அறியும் ஆவலில் கேட்கலாம். ஆனால் சுவருக்கும் காது இருக்கிற ஊர் அது. ஒரு வேலைக்காக உன்னை வாய் திறக்கச் சொல்லி, அந்த வாயாலேயே உன்னைத் தகரக் கொட்டிலுக்குள் அனுப்பிவிடுவேனோ என்று நினைத்தேன். வேண்டாம், சும்மா இருந்தனான் என்றே சொல்லட்டும் என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். சும்மா இருந்தவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்குப் பாஸ் இல்லை, பாஸ் இல்லாதவன் இங்கே வரவேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்ளுத்தான். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு வழி இதுதான். உன்னைப் பற்றி எல்லாம் சொல்லு, மற்றவனைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. ஆரெண்டு பெயர் கேட்டால் "தெரியாது" என்று பழைய பாட்டைப் பாடாதே, அவர்கள் நம்பமாட்டார்கள். "சேர், என்ரை வேலையைப் பற்றி நீங்கள் என்ன கேட்டாலும் சொல்லுவன். மற்ற ஆக்களின்ரை கதை எனக்குச் சொல்ல ஏலாது" என்று மரியாதையாகச் சொல்லு. நல்லவராக இருந்தால், களஞ்சியத்துக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று அவருக்கு விளங்கும். நல்லவராக இல்லாவிட்டால் அந்த வேலை உனக்கு வேண்டாம். இது பிழையாய்ப் போகவும் கூடும், தம்பி. பிழையாய்ப் போகாது என்று உறுதி சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்னொன்று. சொந்த இடம் எது என்று கேட்டதற்கு நீ "வவுனியாதான்" என்றாயாம். அதைக் கேட்டு நீ தங்கியிருக்கிற கடைக்கார நானா ஏசினார் என்றும் எழுதியிருந்தாய். ஏசட்டும், அவருக்கு ஏச உரிமை இருக்கிறது. எங்கள் முல்லைத்தீவில் என்னிடம் கருவாடு வாங்கிக் கொழும்புக்கு ஏற்றின மனிசன். தொண்ணூறாம் ஆண்டு அவரைப் போன்ற முஸ்லிம் ஆக்களை எல்லாம் ஊரை விட்டு வெளியேறச் சொன்னபோது, கையில் ஒரு பையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் கடை வாசலால் போனார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம், தடுக்க ஒருவராலும் முடியவில்லை. இன்றைக்கு அவர் என் பிள்ளைக்கு இடம் தந்து, பாஸுக்குப் பிணையும் நிற்கிறார். "ஊரச் சொல்ல வெக்கமா மகன்? என்னத் தொரத்தின ஊரையே நான் எங்கட ஊரெண்டு சொல்றன்" என்று கேட்டாராம். அதற்கு மேல் நான் என்ன எழுத? முல்லைத்தீவு என்று சொல்லு. ஊரை ஒளிக்கிறவன் மிச்சத்தையும் ஒளிப்பான் என்றுதான் கேட்கிறவர் நினைப்பார். நானாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

அன்றைக்குக் காலையில் நேரத்துக்கே வெளிக்கிடு. நீ இருக்கிற தெருவிலிருந்து அந்தக் கந்தோருக்குப் போக எத்தனை சென்றி இருக்கிறதோ, அங்கேயெல்லாம் பழைய பிள்ளையாகவே போ. சப்பாத்தைப் பார், ஒரு சொல்லில் பதில் சொல்லு, வேலை தேடிப் போகிறேன் என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கந்தோருக்குள் போனதும் அடையாள அட்டையைக் காற்சட்டைப் பைக்குள் ஆழமாக வைத்துவிட்டு, ஒரு பைப்படியில் முகத்தைக் கழுவு. சேட் கை மடிப்பை இறக்கிவிடு. பிறகு வாயுள்ள பிள்ளையாக உள்ளே போ. ஒரே நாளில், ஒரே வாயை, ஒரு மணித்தியால இடைவெளியில் மாற்றிப் பிடிக்கச் சொல்லுகிறேன். பாவி நான் கேட்பது சின்னக் காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். வேறு ஊர்த் தகப்பன்மார் பிள்ளைக்குச் சப்பாத்துக்குப் பொலிஷ் போடு, தலையை வாரி இழு என்று மட்டும் சொல்லி அனுப்புவார்களாக்கும்.

இனி உன் கடிதத்தின் அடியில் நீ கேட்டிருந்த கேள்வி. அதற்குப் பதில் எழுதப் பயந்துதான் இவ்வளவு நேரமும் மற்றதையெல்லாம் எழுதினேன். அந்த இடத்துக்கு முன்பு போய்வந்த உன் கூட்டாளி சொன்னானாம், வன்னிப் பிள்ளைகளிடம் கட்டாயம் ஒன்று கேட்பார்களாம். "உங்கட தாய் தகப்பன் உள்ளுக்கை இருக்கினம். அவைக்கு ஏதும் எண்டால் நீர் போவீரோ?" போனவர்கள் பாதை பூட்டுப்பட்டு மாதக்கணக்கில் திரும்பி வரமுடியாமல் நின்றுவிட்டார்களாம், களஞ்சியம் திறக்க ஆளில்லாமல் போனதாம். அவர்கள் கேட்பது நியாயம், மேசைக்குப் பின்னால் இருந்தால் நானும் கேட்பேன். "என்ன சொல்ல அப்பா?" என்று எழுதியிருக்கிறாய். போகமாட்டேன் என்று சும்மா வாயால் சொல்லிவிடு என்று எழுதலாம் என்று பார்த்தேன். ஆனால் உன் முகம் எனக்குத் தெரியும். வாயை அடக்க உன்னைப் பழக்கினேன், பொய் சொல்ல நீ இன்னும் பழகவில்லை. அம்மாவின் தொய்வு இந்த மாரியில் கூடித்தான் இருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார்கள். போவேன் என்று உண்மை சொன்னால் வேலை இல்லை.

இன்றைக்கு மத்தியானம் இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு இருந்தேன். அம்மா வந்து, "என்ன, முடிஞ்சுதோ?" என்றா. கோபத்தில் இருந்தவ, அவ்வளவுதான் கேட்டா. நான் அந்தக் கேள்வியை அவவுக்கு வாசித்துக் காட்டினேன். அவா குசினிக்குள் போனா. அடுப்பை ஊதுகிற சத்தம் கேட்டது. இருமல் கேட்டது. பிறகு உள்ளே இருந்தபடியே, "போகமாட்டன் எண்டு சொல்லச் சொல்லுங்கோ" என்றா. "அவனுக்குப் பொய் வராது, பிடிபட்டுடுவான்" என்றேன். வாசலுக்கு வந்து நின்றா. "பொய் எண்டு ஆர் சொன்னது? உண்மையாத்தான் சொல்லட்டும். எனக்கு ஏதும் எண்டால் அவனுக்கு அறிவிக்க வேண்டாம். அடக்கம் முடிஞ்சாப் பிறகு எழுதிப் போடுங்கோ. பெட்டி தூக்க எங்கட கரையாக்கள் இருக்கினம்." "நேற்று வரட்டும் எண்டனீர்" என்று மட்டும் கேட்டேன். "நேற்று அவன் வந்து என்னைப் பாக்கிறதை நினைச்சன். வந்தாப் பிறகு அவனுக்கு என்ன நடக்கும் எண்டு நினைக்கேல்லை" என்றா. பிறகு, "அம்மாதான் சொன்னவா எண்டு எழுதுங்கோ. நீங்கள் சொன்னியள் எண்டால் அவன் கேக்கமாட்டான்" என்றா.

எழுதிவிட்டேன், தம்பி. அந்தக் கேள்வி வந்தால் நிமிர்ந்து இரு. கேட்டவரின் முகத்தைப் பார்த்து, "போகமாட்டன் சேர். அம்மா வரவேண்டாம் எண்டு சொல்லியிட்டா" என்று சொல்லு. அது உண்மை. சொல்லும்போது குரல் உடைந்தால் உடையட்டும், அதற்காக ஒருவரும் வேலை இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

அப்பா